குறும்பகலில் நடை, நெடுமாலையில் பின்னல்: குடும்பத்தோடு ஒரு குளிர்கால விடுமுறைக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் முதல் குளிர்கால விடுமுறைக்கு, ஐந்து நாளில் பன்னிரண்டு இடங்கள் என்று பட்டியல் போட்டிருந்தேன். இரண்டாம் நாள் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. காரின் பின்இருக்கையில் குழந்தைகள் இருவரும் நனைந்த சாக்ஸோடு அழுதுகொண்டிருந்தார்கள். பட்டியலில் பாதிக்கு மேல் பாக்கி. மூன்றாம் நாள் எங்கும் கிளம்பவில்லை. காலையில் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தோம். மாலையில் மாமியார் தன் பையிலிருந்து கம்பளி நூலை எடுத்து, பெரியவளுக்குக் கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், போடச் சொல்லிக்கொடுத்தார். அந்த விடுமுறையில் குழந்தைகள் இன்றும் பேசுவது அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

அதன்பிறகு நாங்கள் போன குளிர்கால விடுமுறைகள் எல்லாமே அந்த மூன்றாம் நாளை நீட்டிக்கொண்டவைதான். வெளிச்சம் இருக்கும்வரை நடை, இருட்டியதும் பின்னல். குளிர்காலம் சிறிய பகலையும் நீண்ட மாலையையும் தருகிறது. பகலில் நடந்த உடம்பு மாலையில் உட்கார ஆசைப்படும். கைக்கு ஒரு வேலை இருந்தால் அப்படி உட்காருவது சலிப்பதில்லை. திட்டத்தின் சாரம் இவ்வளவுதான்; மற்றதெல்லாம் அதைச் சிரமமில்லாமல் நடத்துவதற்கான ஏற்பாடு.

1. தேதிக்கு முன்னால் வெளிச்சத்தைப் பாருங்கள்

போகும் ஊரில் சூரியன் எப்போது உதிக்கும், எப்போது மறையும் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் திட்டமிட வேண்டும். வட அரைக்கோளத்தில் ஆண்டின் மிகச் சிறிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. அன்று 50 டிகிரி அட்சரேகையில் பகல் சுமார் 8 மணி நேரம். 60 டிகிரியில் 6 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அருகே, 10 டிகிரியில், சுமார் பதினொன்றரை மணி நேரம் கிடைக்கும். தென் அரைக்கோளத்தில் இதே கணக்கு ஜூனில் வரும். மலைப்பள்ளத்தாக்கில் தங்கினால் இன்னும் குறையும்: வானிலை அட்டவணை நாலரை என்று சொன்னாலும், மேற்கே உயர்ந்த மலை இருந்தால் மூன்று மணிக்கே வெயில் போய்விடும்.

எத்தனை நாள் போவது? ஒரே இடத்தில் ஐந்து இரவு என்பது என் கணக்கு. முதல் நாள் பயண அலுப்பிலும் கடைசி நாள் மூட்டை கட்டுவதிலும் கழிந்துவிடும். ஊர் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் ஈரத் துணியும் பாதிப் பின்னலும் பையில் திணிக்கப்படும். குழந்தைகளுக்கு எந்தப் பாதையும் பழகாது.

2. தங்கும் வீடு

படத்தில் தெரியும் காட்சியைவிட வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வாசலிலிருந்தே நடக்கப் பாதை இருக்கிறதா? இதைத்தான் முதலில் கேட்பேன். நடப்பதற்காகவே காரை எடுக்க வேண்டியிருந்தால், ஒரு பிள்ளைக்குக் குளிரும்போது அரை மணியில் வீடு திரும்ப முடியாது. அடுத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார ஓர் அறை இருக்கிறதா, அங்கே படிக்கும் அளவுக்கு விளக்கு வெளிச்சம் உண்டா? அழகான மங்கல் விளக்கில் கண்ணி எண்ண முடியாது. ஈரக் காலணியும் கையுறையும் காய வைக்க இடம் உண்டா? மருத்துவமனை எவ்வளவு தூரம்? பனி பெய்தால் சாலை திறந்திருக்குமா?

உயரத்தையும் கேளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குளிர் கூடும். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் வந்தால் அதற்குக் கீழேயே தங்குவது நிம்மதி.

அறையை எதனால் சூடாக்குகிறார்கள் என்பதைக் கேட்க மறக்கவே கூடாது. கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக் குளிர் காயவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பாமலேயே கொன்றுவிடும். விறகு அடுப்போ எரிவாயு ஹீட்டரோ உள்ள வீடென்றால், பேட்டரியில் இயங்கும் சிறிய கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தால் காரணம் யோசித்துக்கொண்டிருக்காமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

3. நூலும் ஊசியும்

புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு மெல்லிய நூலும் கறுப்பு நிறமும் எதிரிகள். மெல்லிய நூலில் இரண்டு மாலை பின்னினாலும் விரலகலம்தான் வளரும். கறுப்பில் கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தடித்த நூலை, வெளிர் நிறத்தில் வாங்குங்கள். நூல் சுற்றியிருக்கும் சீட்டைப் படிக்கப் பழகுங்கள்: எந்த அளவு ஊசி, 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி, 100 கிராமில் எத்தனை மீட்டர் என்பதெல்லாம் அதில் இருக்கும். 10 செ.மீ.க்கு 12 முதல் 15 கண்ணி என்று போட்டிருக்கும் தடித்த நூலும், 6 அல்லது 6.5 மி.மீ. ஊசியும் தொடங்குவதற்கு மிகச் சரி. அதே சீட்டில் சாய எண்ணும் இருக்கும். ஒரே பொருளுக்கு வாங்கும் உருண்டைகள் எல்லாவற்றிலும் அந்த எண் ஒன்றாக இருக்கட்டும்; வேறு வேறு என்றால், விளக்கொளியில் ஒன்றாகத் தெரிந்த நிறம் காலை வெயிலில் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும்.

ஊசி மூங்கிலாகவோ மரமாகவோ இருப்பது நல்லது. உலோக ஊசி குளிர்ந்த அறையில் விரலில் சுரீரென்று படும். அதோடு வழுவழுப்பு அதிகம் என்பதால் குழந்தைகளின் கையில் கண்ணிகள் நழுவி ஓடும். பயணத்துக்கு நான் வைத்திருப்பது வட்ட ஊசி: இரண்டு குட்டை ஊசிகளை ஒரு மெல்லிய வயர் இணைத்திருக்கும். தட்டையான துண்டையும் அதில் முன்னும் பின்னுமாகப் பின்னலாம். பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிக்காது. ஒரு ஊசி தொலைந்துபோகும் கதையே இல்லை. விமானத்தில் போவதானால் அந்த நிறுவனத்தின் விதியை முன்பே பாருங்கள். பாதிப் பின்னலோடு போகிறவர்கள், எல்லாக் கண்ணிகளிலும் ஒரு உதிரி நூலைக் கோத்து வைத்துக்கொண்டால், ஊசியையே எடுத்து வைக்கச் சொன்னாலும் பின்னல் பிரியாது.

கம்பளியா, அக்ரிலிக் என்ற செயற்கை நூலா என்று எல்லோரும் கேட்பார்கள். அக்ரிலிக் விலை குறைவு, துவைப்பது சுலபம்; பழகும் துண்டுகளுக்கு அது போதும். குளிரில் போட்டுக்கொள்ளப் போகும் பொருளுக்கு நான் கம்பளியைத்தான் எடுப்பேன். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம்வரை ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றாது; அக்ரிலிக்கோ உருகித் தோலில் ஒட்டும். கணப்புக்குப் பக்கத்தில் உட்காரும் வீடுகளில் இது முக்கியம். கம்பளி அரிக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளைக் கோபிக்காதீர்கள். 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகள் தோலைக் குத்தத்தான் செய்யும். மெரினோ போன்ற மெல்லிழைக் கம்பளியை அவர்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்து, அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

4. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே பின்னலைத் தொடங்குங்கள்

விடுமுறைக்குப் போய்த்தான் முதல் கண்ணி போடுவது என்று இருந்தால், முதல் இரண்டு மாலை எரிச்சலிலேயே போகும். வீட்டிலேயே ஒரு உள்ளங்கையளவுத் துண்டு பின்னி, கை பழகட்டும். பெரியவர்களில் ஒருவருக்காவது விழுந்த கண்ணியைக் குரோஷே கொக்கியால் தூக்கி ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரு திறமை இருந்தால் எந்த மாலையும் கண்ணீரில் முடியாது.

பின்னலின் அடிப்படை அசைவு ஒன்றுதான், நிட். அதற்கு நான் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நாலு குட்டி வரிகள்:

உள்ளே நுழை,
நூலைச் சுற்று,
வெளியே இழு,
கழற்றி விடு.

வாய் சொல்லச் சொல்லக் கை தானாக வரும். வலக்கைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். இடக்கைப் பிள்ளை என்றால் எதிரே உட்கார வையுங்கள். உங்கள் கை அதற்குக் கண்ணாடி பிம்பமாகத் தெரியும். எல்லா வரிசையையும் நிட் போட்டே பின்னினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடும் பள்ளமுமாக வரும், ஓரம் சுருளாது. முதல் விடுமுறைக்கு இது ஒன்றே போதும். நிட்டையே மறுபக்கமாகப் போடும் பர்ல் எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஊசியே வேண்டாம். தடித்த நூலை நான்கு விரல்களிலும் மாற்றி மாற்றிச் சுற்றி, கீழ் நூலை மேல் நூலுக்கு மேலாகத் தூக்கி விரலுக்குப் பின்னால் விட்டால் கயிறு போல ஒரு பின்னல் இறங்கிக்கொண்டே வரும். எங்கள் சின்னவன் ஒரே விடுமுறையில் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை நீளும் கயிறு பின்னினான். அதற்கு எந்தப் பயனும் தேட வேண்டாம், அவன் பின்னினான் என்பதே போதும்.

தொடக்கக்காரர்கள் எல்லோருக்கும் வரும் ஒரு பிழை: வரிசை போகப் போகக் கண்ணிகள் கூடிக்கொண்டே போகும். முதல் கண்ணியின் நூலை ஊசிக்கு மேலாக இழுத்துவிட்டால் ஒரு கண்ணி இரண்டு போலத் தெரியும். அதை இரண்டாகவே பின்னிவிடுவார்கள். நூல் ஊசிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணச் சொல்லுங்கள். சின்னவர்களுக்கு அது கணக்குப் பயிற்சியாகவும் ஆகிவிடுகிறது.

5. உடுப்பு

மூன்று அடுக்கு: தோலை ஒட்டி, ஈரத்தை வெளியேற்றும் மெல்லிய கம்பளி அல்லது தெர்மல், நடுவில் காற்றைப் பிடித்து வைக்கும் ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். பருத்தியைத் தோலை ஒட்டிப் போடாதீர்கள். அது வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும்; நடையை நிறுத்தியதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடம் வியர்க்கும். வியர்ப்பதற்கு முன் ஒரு அடுக்கைக் கழற்றுவதும், நின்றவுடன் திரும்பப் போட்டுக்கொள்வதும்தான் குளிரில் நடக்கும் கலை.

கால் குளிர்கிறது என்று இரண்டு சாக்ஸ் போட்டுக் காலணியை இறுக்கினால் இன்னும் குளிரும். ரத்தம் ஓடவும் காற்று தங்கவும் இடம் வேண்டும். சூட்டைக் காப்பது அடைபட்டிருக்கும் காற்றுதான். கம்பளி அதைப் பிடித்து வைத்திருக்கும் கூடு. ஆளுக்கு ஒரு ஜோடி சாக்ஸும் கையுறையும் கூடுதலாகப் பையில் இருக்கட்டும். பாதையில் பனி இறுகியிருந்தால், காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை வழுக்காமல் காக்கும். பனி மூடிய இடங்களில் வெயில் கண்ணாடியும் தேவை. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும்.

6. நடையைத் திட்டமிடுதல்

1892 இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது திடமான பெரியவர்களுக்கு. குழந்தைகளோடு போகும்போது வரும் நேரத்தை இரண்டால் பெருக்குங்கள். மெத்துமெத்தென்ற பனியில் இன்னொரு பங்கு சேருங்கள். ஆறு வயதுப் பிள்ளையோடு 3 கி.மீ. என்பது அரை நாள் வேலை. அது குறைவே இல்லை.

பத்து மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் திரும்புவதுதான் எங்களுக்குப் பொருந்திய நேரம். வெயில் ஏறியிருக்கும், திரும்பி வந்து சூடாகச் சாப்பிடலாம், ஏதாவது பிசகினாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். ‘திரும்பும் நேரம்’ ஒன்றைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லுங்கள். மூன்று மணி நேர நடையில் ஒன்றேகால் மணி நேரம் ஆனதும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்; போகும்போது இருந்த கால் வரும்போது இருக்காது. அருவி இன்னும் இருநூறு மீட்டரில்தான் என்று யாராவது சொன்னாலும் திரும்பத்தான் வேண்டும். அருவி நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

காற்றையும் பாருங்கள். வெப்பமானி பூஜ்யம் காட்டும்போது மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் முகத்தில் அது மைனஸ் 6 டிகிரி போல உறைக்கும். மைனஸ் 10 இல் அதே காற்று மைனஸ் 20 போல. அப்படிப்பட்ட நாளில் முகட்டுப் பாதையை விட்டுவிட்டு மரங்களுக்குள் நடங்கள். முதுகில் தூக்கிச் செல்லும் குழந்தையிடம் தனிக் கவனம் வேண்டும். நீங்கள் நடந்து சூடாவீர்கள். அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கால் மணிக்கு ஒருமுறை அதன் கால்விரலையும் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள். கைப்பேசியின் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் அதை உள்பையில், உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த ஏரி எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் அதன் மேல் கால் வைக்க வேண்டாம்.

7. நடக்கும்போது என்ன பார்ப்பது

குளிர்காலத்தில் காடு வெறுமையாக இருக்கிறது என்பவர்கள் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடக்கலாம். இலை உதிர்ந்த மரத்தில்தான் பறவை தெளிவாகத் தெரியும். குளிர் கூடினால் அது இறகைப் புஸுபுஸுவென்று உப்பிக்கொண்டு பந்து போல உட்கார்ந்திருக்கும். இறகுகளுக்கு இடையே காற்றைப் பிடித்து வைக்கிறது. ‘அதுவும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறது’ என்று சின்னவன் சொன்னது அறிவியல்படியும் சரி.

மொட்டைக் கிளையைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பாருங்கள். அடுத்த பருவத்தின் இலைகள் ஏற்கெனவே மொட்டுகளாக, செதில் போர்த்திக் காத்திருக்கும். சில மரங்களில் மொட்டுகள் எதிரெதிராக ஜோடியாகவும், சிலவற்றில் மாறி மாறியும் அமைந்திருக்கும். இலையே இல்லாமல் மரத்தை அடையாளம் காண இதுதான் முதல் படி. பாறையிலும் பட்டையிலும் சாம்பல், மஞ்சள், பச்சைத் திட்டுகளாக ஒட்டியிருப்பவை லைக்கன்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பம் அது. பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. பெயர்த்து எடுக்காமல் பார்த்துவிட்டு வருவோம்.

பனியோ ஈரமண்ணோ இருந்தால் தடங்களைப் படிக்கலாம். முயல் தாவும்போது பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி முன்னால் விழும். ஆகவே பெரிய தடம் இரண்டும் முன்னால் இருக்கும், அது போன திசை அதுதான். பூனைத் தடத்தில் நகம் பதியாது, நாய்த் தடத்தில் பதியும். ஜோடி ஜோடியாகப் புள்ளி வைத்ததுபோல் இருந்தால் தத்திப்போன சிறு பறவை. ஒன்று மாற்றி ஒன்றாக இருந்தால் காகம் போல நடந்துபோன பறவை. ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டே போனால், கால் வலிக்கிறது என்ற பேச்சே எழாது.

பனி பெய்யும்போது ஒரு கம்பளிக் கையுறையை, கரும் நிறத்தில், சற்று நேரம் வெளியே வைத்துக் குளிரவிட்டு நீட்டுங்கள். விழும் பனித்துகள் உருகாமல் தங்கும். சிறு உருப்பெருக்கியில் அதன் ஆறு கைகளும் தெரியும். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அமைப்பில் அடுக்கிக்கொள்வதால் வரும் வடிவம் அது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885 இல் ஒரு பனித்துகளை முதன்முதலாக நுண்ணோக்கி வழியே படமெடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். கையுறையில் ஒரு துகளைப் பார்த்த அன்று இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்போதுதான் அது பிடிக்கும்.

ஒவ்வொரு நடையிலும் பத்து நிமிடம் எல்லோரும் ஒரு பாயை விரித்துப் பேசாமல் உட்காருங்கள். புதுப்பனி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அந்த அமைதியைக் குழந்தைகள் முதலில் கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். எழும் முன் ஆளுக்கு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: காய்ந்த புல்லின் மஞ்சள், லைக்கனின் சாம்பல்பச்சை, வானத்தின் வெளிர்நீலம். அதற்கான காரணம் மாலையில் வருகிறது.

8. மாலை: ஒரே பின்னல், நாலு கைகள்

எங்கள் வீட்டில் இதற்கு நடைப்பட்டை என்று பெயர். ஒரே ஊசி, ஒரே பின்னல். குடும்பம் முழுவதும் கை மாற்றிக்கொள்ளும். கணக்கு இது: தடித்த நூலில் 30 கண்ணி போட்டால், 10 செ.மீ.க்கு 14 கண்ணி என்ற அளவில் சுமார் 21 செ.மீ. அகலம் வரும். ஒவ்வொரு மாலையும் ஒவ்வொருவரும் அன்று தான் தேர்ந்தெடுத்த நிறத்தில் 8 வரிசை பின்ன வேண்டும். நிமிடத்துக்கு 12 கண்ணி வேகத்தில் அது 20 நிமிட வேலை. நாலு பேர், ஐந்து மாலை, 160 வரிசை. நிட் மட்டும் போட்டால் 10 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 28 வரிசை பிடிக்கும். முடிவில் 57 செ.மீ. நீளம் இருக்கும். இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் தலை வழியே போட்டுக்கொள்ளும் கழுத்துப்பட்டை தயார். இந்தப் பின்னல் நீளவாக்கில் நன்றாக இழுபடும், ஆகவே தலை நுழையும். ஆறு நிறங்களில் ஒவ்வொன்றும் 50 கிராம் கையில் இருந்தால் தாராளம். நிறம் மாற்றும்போது 15 செ.மீ. வால் விட்டு வெட்டுங்கள். கடைசி நாள் அந்த வால்களை ஊசியால் உள்ளே ஓட்டிவிடலாம்.

ஐந்து வயதுக்காரரின் எட்டு வரிசை இரண்டாகச் சுருங்கினாலும் பரவாயில்லை. அவர் பங்கை யாராவது முடித்துக்கொடுக்கட்டும். ஆனால் அவர் பின்னிய வரிசையை இரவோடு இரவாகப் பிரித்துத் திருத்தாதீர்கள். அந்த ஓட்டை இருக்கும் இடம்தான் பின்னாளில் எல்லோரும் முதலில் தொட்டுப் பார்க்கும் இடம்.

தன் முறைக்குக் காத்திருப்பவர் குல்லா பின்னலாம். தலைச் சுற்றளவைவிட 5 செ.மீ. குறைவாக இருந்தால்தான் தலையில் நிற்கும். குழந்தைக்கு 64 கண்ணி, பெரியவருக்கு 72. 20 அல்லது 22 செ.மீ. உயரம்வரை நிட் மட்டும். அதன்பின் ஒரு வரிசை முழுவதும் இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்துப் பின்னுங்கள், ஒரு வரிசை சாதாரணமாக, மறுபடி இரண்டிரண்டாக. மிஞ்சிய கண்ணிகளுக்குள் நூலைக் கோத்து இறுக்கி, அதே நூலால் பக்கத்தைத் தைத்துவிடலாம். வரிசைக்கு 5 நிமிடம் என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம், அதாவது மூன்று நாலு மாலை. பெரியவர் குல்லாவுக்கு 150 கிராம் நூல் இருந்தால் கவலையில்லை. ஒவ்வொருவர் கையும் வேறு என்பதால், முதலில் 20 கண்ணியில் சின்னத் துண்டு ஒன்று பின்னி, 10 செ.மீ.க்கு உங்களுக்கு எத்தனை வருகிறது என்று எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.

விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். அரை மணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரலை விரித்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள். விடுமுறை உற்சாகத்தில் மூன்று மணி நேரம் பின்னினால் மறுநாள் கை பிடித்துக்கொள்ளும். யாராவது ஒருவர் கதை படிக்கலாம். தொலைக்காட்சி வேண்டாம் என்று தடை போட்டதில்லை; கை ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வந்துவிடுகிறது. முகம் பார்த்துக் கேட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்று சொல்லும் பதின்வயதுப் பிள்ளை, கண்ணியைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கவலை முழுவதையும் சொல்லிவிடும்.

படுக்கும் முன் வானம் தெளிவாக இருந்தால் ஐந்து நிமிடம் வெளியே. வட அரைக்கோளத்துக் குளிர்கால மாலைகளில் கார்த்திகைக் கூட்டமும், அதன் பின்னாலேயே ஆரஞ்சு நிற ரோகிணியும், செம்மையான திருவாதிரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே ஏறும். கார்த்திகையில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நல்ல கண்ணுக்கு ஆறு தெரியும்.

9. உடம்பு தரும் எச்சரிக்கைகள்

விரல், மூக்கு நுனி, காது மடல் வெளிறியோ சாம்பல் பூத்தோ மரத்துப்போனால் அங்கேயே நிறுத்துங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைக்கக் கூடாது, நெருப்பருகே நீட்டக் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். இதைவிட ஆபத்து உடம்பு முழுவதும் குளிர்ந்துபோவது. விடாத நடுக்கம், பேச்சுக் குழறல், கால் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல், தூக்கக் கலக்கம் தெரிந்தால் காற்று படாத இடத்துக்குக் கூட்டிப்போய், ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததைப் போர்த்தி, விழிப்போடு இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். நடுக்கம் நின்றும் மயக்கமாக இருந்தால் அது தேறுவதன் அறிகுறியே அல்ல, உடனே அவசர உதவியை அழையுங்கள். குளிரில் தாகம் தெரியாது. ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது வைத்து அரை மணிக்கு ஒருமுறை எல்லோரையும் குடிக்க வையுங்கள்.

10. கடைசி நாள்

புதிய பாதை எதுவும் வேண்டாம். முதல் நாள் நடந்த அதே பாதையில் போங்கள். அன்று வெறும் மரமாகத் தெரிந்தது இன்று எதிரெதிர் மொட்டுள்ள மரமாகத் தெரியும். மாலையில் வால்களை ஓட்டி, பட்டையின் முனைகளைத் தையுங்கள்.

ஊருக்கு வந்ததும் அதைத் துவைப்பதில் கவனம் வேண்டும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, பெரியவர் பட்டை பொம்மைப் பட்டையாகச் சுருங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கப்போட்டு உலர்த்துங்கள். எங்கள் நடைப்பட்டைகள் நாலும் வாசல் கொக்கியில் தொங்குகின்றன. குளிர்ந்த நாளில் எதை எடுத்தாலும் பிள்ளைகள் முதலில் கேட்பது, ‘இந்த மஞ்சள் எந்த நாள்?’ என்பதைத்தான்.